அடையாளமும் அறமும்: புலம்பெயர் மகளிரின் பேறுகாலம்

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா ஒரு பெருந்தொழிற்பேட்டையாகும். இங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் கர்நாடகச் சிற்றூர்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த பெண்கள் பணிபுரிகின்றனர். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமோ இன்றும் நிலவுகிறது. ஓரூரில் கருவுற்று மற்றோரூரில் மகவீனும் பெண்ணுக்கு மருத்துவ உரிமை எதனால் உண்டாகிறது? பதிவினாலா, தேவையினாலா? இவ்வினா அறத்தின்பாற்பட்டதாகும்.

கர்நாடக அரசு கருவுற்ற பெண்களுக்குத் 'தாயி அட்டை' வழங்குகிறது. பரிசோதனை, தடுப்பூசி முதலிய விவரங்கள் அதில் குறிக்கப்பெறும். 2022 நவம்பரில் தும்கூர் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் பேற்றுவலியோடு சென்ற தமிழ்ப்பெண் ஒருவர், தாயி அட்டையும் ஆதார் அட்டையும் இல்லாமையால் திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் வீட்டிலேயே நிகழ்ந்த பேற்றில் அவரும் இரட்டைக் குழந்தைகளும் இறந்தனர். மருத்துவர் ஒருவரும் செவிலியர் மூவரும் பணியிடைநீக்கம் செய்யப்பெற்றனர்.

இதனைத் தனிமனிதர் குற்றமாக மட்டும் காண்பது போதாது. குருதிவகை, குருதிச்சோகை, முந்தைய பேற்றின் சிக்கல் ஆகியவற்றை அறியாது மருத்துவம் செய்வது இடர்மிக்கது; ஆகவே அட்டை தேவை என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் பதிவில்லாதவள் பெரும்பாலும் முன்கவனிப்புப் பெறாதவள். அவளுக்கே இடர் மிகுதி. அட்டையின்மை கூடுதல் கவனிப்புக்குக் காரணமாகுமேயன்றி மறுப்புக்குக் காரணமாகாது. கவனிப்பின் சான்றாகப் பிறந்த அட்டை, கவனிப்புக்கான நுழைவுச்சீட்டாக மாறியதே இங்கு நேர்ந்த பிறழ்ச்சி எனலாம்.

சட்டமும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. உயிர்காக்கும் அவசர மருத்துவத்தை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதென உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. வறிய தாய்மார் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தாலும் பேறுகால நலன்களை இழக்கலாகாது என்பது 2010இல் தில்லி உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரம்.

தமிழர் மரபில் இவ்வறம் புதியதன்று. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாதபோது, இறைவனே தாயுருவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தார் எனத் திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலவரலாறு கூறும். வலியுற்றவளின் தேவையே அங்கு அழைப்பாயிற்று, சான்று கேட்கப்படவில்லை. 'தாயி' என்னும் கன்னடச் சொல்லுக்கும் தாய் என்பதே பொருள். பீன்யாவில் தாய்வீடு தொலைவிலுள்ள பெண்ணுக்கு அரசு மருத்துவமனையே தாய்வீடாதல் வேண்டும். முதலில் சேர்க்கை, பின்னர் பதிவு என்னும் வரிசையே அறத்திற்கு இயைந்தது.