சூடு ஆறும்போது

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு)



தவறு செய்த சகோதரரைத் திருத்த ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் ஒரு வரிசை வைத்துக் கொடுக்கிறார். முதலில் அவரிடம் தனியாகப் போக வேண்டும். கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபை. நாமும் இதே வரிசையைத்தான் கடைப்பிடிக்கிறோம், ஆனால் தலைகீழாக. முதலில் அன்பிய வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரியும், பிறகு தெருவுக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் யாராவது சொல்லித் தெரியும்.

ஆண்டவர் வைத்த வரிசை எதற்கு என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்தக் கோவிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 1965இல் திருவெறும்பூரில் பெல் ஆலை வந்தது. 1975இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அங்கே பாய்லர் குழாய் ஒட்டிப் பழகியவர்கள் முன்னால் நான் வெல்டிங் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பின் பின்பக்க ஆக்ஸில் ஹவுசிங்கைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை, இரு பக்கமும் குழாய், குழாய்களுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட். வண்டியின் பாரம் அதன் மேல்தான் இறங்குகிறது. தேயிலை, ஏலக்காய்த் தோட்டப் பாதைகளில் ஆளும் மூட்டையும் ஏற்றி ஓடும் ஜீப்புகளில் இது மெல்ல வளையும், சில நேரம் விரிசல் விடும். அதனால் குழாயின் முதுகில் கனமான இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து வலுவாக்குவார்கள். நல்ல எண்ணம். ஆனால் ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துவிட்டால், வலுவாக்க வந்த வெல்டிங்கே ஹவுசிங்கைக் கோணலாக்கிவிடும்.

இரும்பு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினாலே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். வெல்டிங் விழும் இடமும் நீளத்தான் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. நீள வழியில்லாமல், இளகியிருக்கும் அந்த இடம் தனக்குள்ளேயே நசுங்கிக் கனத்துவிடும். பிறகு ஆறும்போது சுருங்கும். முன்பிருந்த நீளத்தையும்விடக் குறைந்து, பக்கத்தில் உள்ளதையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். முதுகில் வெல்டிங் வைத்திருந்தால் இரண்டு முனைகளும் மேலே ஏறிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆயில் சீல் ஒழுகும்போதும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்போதும்தான் தெரியும்.

நெருப்பு எரியும்போது ஏதும் ஆனதாகத் தெரிவதில்லை. கோணல் முழுதாக விழுவது ஆறும்போது. இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மதிப்பெண் குறைந்த மகனை அப்பா இரவுச் சாப்பாட்டில் வைத்து ஒரு மணி நேரம் வறுத்தெடுக்கிறார். பையன் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறான். 'சொன்னதும் அடங்கிவிட்டான்' என்று அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். பையன் தூங்கவில்லை. கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவனுக்குள் ஆறிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் அவன் அப்பாவிடம் எதையும் சொல்லாதவனாக இருப்பான். என்ன ஆயிற்று என்று அவருக்கும் புரியாது.

தேர்ந்த வெல்டர் ஓர் அங்குலம் வைப்பார், நிறுத்துவார். அடுத்ததை அதன் தொடர்ச்சியில் வைக்க மாட்டார். தள்ளி, எதிர்ப்பக்கத்தில் வைப்பார். கை வைக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகே திரும்பி வருவார். வார்ப்பு இரும்பாக இருந்தால் முதலிலேயே சுற்றிலும் மிதமாகச் சூடேற்றி, முடிந்ததும் மணலிலோ சாம்பலிலோ மூடி மெல்ல ஆற விடுவார். அவசரப்பட்டால் அது விரிசல் விட்டுவிடும். எல்லாப் பிள்ளையும் ஒரே உலோகம் அல்ல என்பது இங்கிருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். பேரிங்கையும் ஆயில் சீலையும் கழற்றி வைக்காமல் யாரும் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. எர்த் கிளாம்பையும் வெல்டிங் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ தள்ளி மாட்டி, மின்சாரம் திரும்பும் வழியில் பேரிங்கும் இருந்துவிட்டால், அதன் ஊடாகவே பாயும். வழவழப்பான குண்டுகளில் பொட்டுப்பொட்டாகக் குழி விழும். வேலை நடந்தது வேறோர் இடத்தில், அடிபட்டது பேரிங். கணவனும் மனைவியும் போடும் சண்டை பல வீடுகளில் குழந்தைகளின் ஊடாகத்தான் பாய்கிறது. 'உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு', 'உங்கம்மா புத்திதானே உனக்கும்'. பேச வேண்டியது கணவரிடமோ மனைவியிடமோ. அவர் இருக்கும் இடத்தில், அவரிடம் மட்டும் பேசி முடியுங்கள். ஆண்டவர் தனியாகப் போகச் சொன்னதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாமா? முதல் வாசகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எச்சரிக்காத காவலாளியிடமே கடவுள் கணக்குக் கேட்பார் என்கிறார் எசேக்கியேல். விரிசலைப் பார்த்தும் பெயிண்ட் அடித்து அனுப்புகிற பட்டறைக்காரரும் குற்றவாளிதான். எனவே சூடு வேண்டும், கூடவே அளவுகோலும் வேண்டும். ஹவுசிங்கின் இரு முனைப் பேரிங் இருக்கைகளிலும் நடுவிலும் வளையங்கள் பொருத்தி, அவற்றின் ஊடே நேரான தடித்த கம்பி ஒன்றைச் செலுத்திப் பார்ப்பார்கள். தடையில்லாமல் ஓடினால் நேர். இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் வாசகத்தில் பவுல் எல்லாக் கட்டளைகளையும் அன்பில் கொண்டுபோய் அடக்குகிறார். நம் பேச்சின் நடுவே செலுத்திப் பார்க்க வேண்டிய கம்பி அதுதான். பலர் இதை வேலை முடிந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

ஏற்கெனவே வளைந்துவிட்டதென்றால்? சம்மட்டியால் அடிப்பதைவிட நல்ல வழி உண்டு. வளைத்த வெல்டிங்குக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அளவாகச் சூடேற்றி ஆற விடுவார்கள். அந்தப் பக்கம் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுக்கும். ஆண்டவரும் பேதுருவை இப்படித்தான் நிமிர்த்தினார். தலைமைக்குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே நின்ற இரவில் பேதுரு அவரை மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டி வைத்ததும் கரிநெருப்பு என்றே யோவான் எழுதுகிறார். முதலில் சாப்பிடக் கொடுத்தார். பழைய கதையைக் கிளறவில்லை. அன்பைப் பற்றி ஒரு சிறு கேள்வி, உடனே ஒரு பொறுப்பு, மறுபடி அப்படியே, மறுபடியும். மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவுக்கு வலித்தது. சூடு உள்ளே போனது.

சபைக்கும் செவிசாய்க்காதவரை வேற்று இனத்தாராகவும் வரிதண்டுபவராகவும் ஆண்டவர் எண்ணச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சிலர் பழைய இரும்புக்கடைக்கு ஆள் அனுப்பத் தயாராகிறார்கள். இது இடம்பெறும் நற்செய்திதான் மத்தேயு என்னும் வரிதண்டுபவரை இயேசு அழைத்ததையும், அவரைப் போன்றவர்களோடு பந்தி அமர்ந்ததையும் சொல்கிறது.

வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் பெயரை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதை நிகழ்ச்சி நிரலில் நான் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், ஒருவர் மட்டும், இந்த வாரம் அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பேசிவிட்டு வந்து என்னைப் பாருங்கள். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.