பிறன் தலைத்தோல்

நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் ஒரு சொல்லில் முடிந்துவிடும்: விவசாயம், வைத்தியம், கல்யாணம். சென்ற மாதம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் ஓர் இளைஞர் இரண்டு பவுன் சங்கிலியோடு வந்தார். நோக்கத்தைக் கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். முடி நட வேண்டுமாம். இரண்டு இடத்தில் பெண் தட்டிப்போயிற்றாம். “பின்னந்தலைலயும் கம்மியாத்தான் இருக்குதுன்னு டாக்டர் சொல்றாருங்க. ஏனுங்க சார், செத்தவங்க கண்ணை எடுத்து வெக்கறாங்கல்லங்க, அதையாட்டத் தலைத்தோலை வெக்க முடியாதுங்களா?” என்றார். என் தலையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு வயது முப்பத்தாறு. என் நெற்றி எங்கே முடிகிறது என்று எனக்கே நிச்சயமில்லை. “தெரியலீங்க தம்பி” என்றேன். பிறகு தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

முடியுமா என்பதற்கு விடை சுலபம். முடிந்திருக்கிறது. 2015 மே மாதம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் ஜேம்ஸ் பாய்சன் என்பவருக்கு, இறந்த ஒருவரின் மண்டையோட்டில் ஒரு பகுதியும் தலைத்தோலும் பொருத்தப்பட்டன. தலையில் வந்த புற்றுநோய்க்குச் செய்த சிகிச்சை ஆறாத பெரும் புண்ணை விட்டுச் சென்றிருந்தது. அதே சமயத்தில் அவருக்குச் சிறுநீரகமும் கணையமும் மாற்றப்பட்டன. இந்தக் கடைசிச் செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. முன்பே உறுப்பு மாற்றம் பெற்று, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு வந்தவர் அவர். தலைத்தோலுக்கென்று அந்த விலையை அவர் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணோடு ஒப்பிட்டது இளைஞரின் பிழை, இயல்பான பிழை. கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. உடலின் காவல் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. தோல் இதற்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டிப் பார்த்தபோது, உடல் பிறனைத் தெரிந்துகொண்டு தள்ளுகிறது, இரண்டாம் தடவை இன்னும் விரைவாகத் தள்ளுகிறது என்று பீட்டர் மெதாவர் கண்டார். 1960இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பிறன் தோல் நம்மேல் தங்க வேண்டுமானால் அந்தத் தெரிதலை மருந்தால் ஆயுள் முழுக்க மழுக்கி வைக்க வேண்டும். தொற்றும் புற்றுநோயும் நுழைவதற்கு அது வழிவிடும். அதனால்தான், 1959இல் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிய கட்டுரையை அடியொற்றிய முடி நடும் முறை, அவரவர் பின்னந்தலையிலிருந்தே எடுக்கிறது. எங்கே நட்டாலும் முடி தான் பிறந்த இடத்தின் குணத்தை விடுவதில்லை என்பது அவர் கண்டது. 1999இல் ஓர் ஆணின் மயிர்க்கால் உறைச் செல்களை ஒரு பெண்ணின் கையில் வைத்தபோது, உடல் தள்ளாமல் முடி முளைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அது இன்னும் சிகிச்சையாக வளரவில்லை.

விலை அதிகம் என்பது கணக்குப்பிள்ளையின் விடை. ஒழுக்கவியலின் விடை அல்ல. உயிர் காக்கும் உறுப்புக்குத்தான் பிறன் உடலைக் கேட்கலாம், தோற்றத்துக்குக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. அது நிற்காது. 2015 ஜனவரியில் கொச்சியில், இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு இறந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். கை இல்லாமல் யாரும் சாவதில்லை. ஆனாலும் அது தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபக்கம், 1998இல் பிரான்ஸில் லியோன் நகரில் பிறன் கையைப் பெற்ற க்ளின்ட் ஹாலம், 2001இல் தானே கேட்டு அதை அகற்றச் செய்தார். அது தன் கையாக அவர் மனத்தில் ஒட்டவில்லை.

எனக்குப் படும் வித்தியாசம் வேறு. கையால் உலகைத் தொடுகிறேன், கண்ணால் பார்க்கிறேன். தலைமயிரால் நான் எதையும் செய்வதில்லை. பிறர் என்னைப் பார்க்கையில்தான் அது இருக்கிறது, அல்லது இல்லாமல் போகிறது. பிறனின் பார்வை பற்றி ஸார்த்தர் 1943இல் எழுதியது இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஆனால் ஸார்த்தரைக் காட்டி அந்த இளைஞரின் வெட்கத்தைப் பொய் என்று தள்ளுவது நம் போன்றவர்களின் சௌகரியம். குறளில் மானம் பற்றிய பத்துப் பாக்களில் இரண்டில் மயிர் உவமையாகிறது. இந்த வெட்கம் விளம்பரக்காரன் நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல.

சுழலும் இயந்திரத்தில் கூந்தல் சிக்கித் தலைத்தோலோடு பிய்ந்து வருவது மருத்துவர்கள் நன்கறிந்த தொழிற்சாலை விபத்து. பிய்ந்த தோலையே திரும்பப் பொருத்துவது 1976 முதல் கைகூடியிருக்கிறது. அதுவும் முடியாதபடி சிதைந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, வேறு வழியே இல்லாத நிலையில், நான் செத்தபின் என் தலைத்தோல் உதவுமென்றால் இன்றே எழுதிக் கொடுப்பேன். அங்கே தோல் மண்டையைக் காக்கிறது. அந்த இளைஞருக்குக் கொடுப்பேனா? மனம் இருக்கும், கூடாது என்று நினைக்கிறேன். பெண் வீட்டார் ஒரு மாலையில் பார்க்கப்போகும் பார்வைக்காக அவர் தன் உடலின் காவலை ஆயுளுக்கும் அடகு வைக்க வேண்டும். அது மீட்க முடியாத அடகு.

நாளை மருந்து எளிதாகிவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: யார் தலை? உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி 2025இல் வந்தது. பள்ளிபாளையம் இங்கிருந்து தூரமில்லை. தேவை என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் தானம் எவ்வளவு சீக்கிரம் விலையாகிறது என்பது கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

அடுத்த முறை அவர் வந்தால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். “முடியுமுங்க தம்பி, வேண்டாமுங்க” என்பேன். “அப்பப் பொண்ணு வீட்டுக்கு என்னங்க சார் சொல்றது?” என்று அவர் கேட்கக்கூடும். அதற்குப் பதில் மருத்துவத்தில் இல்லை. பெண் தர மறுத்தவர்களிடமும், அதைக் கேட்டுக்கொண்டு, விண்ணப்பத்தில் ‘சொந்தச் செலவு’ என்று எழுதிக் கொடுத்த என்னிடமும் இருக்க வேண்டும்.