தன்வசம்

'கண்ட்ரோல்' விடிகாலையில் தொடங்குகிற பாட்டு. தூக்கம் கலைகிற நேரம், நெஞ்சுக்குள் லேசான பதற்றம், துணைக்கு ஒரு பியானோ. குரல் கனமானது; அடியில் ஒரு கரகரப்பு ஓடுகிறது. சில சொற்களின் முடிவில் குரல் உடைகிறது. உடைந்ததைச் சரிசெய்ய நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பாட்டு வெளியானபோது, அதைப் பாடிய ஜெர்மன் பாடகி ஸோயி வீஸுக்கு 18 வயது நிறையவில்லை.

துயரப் பாட்டுகள் பெரும்பாலும் இரவில் நடப்பவை. இது ஏன் விடிகாலையைப் பிடித்துக்கொண்டது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது ஸோயிக்கு ரோலாண்டிக் வலிப்பு இருந்தது. பேட்டிகளில் அவரே மறைக்காமல் சொல்லிவருவது இது. அந்த வகை வலிப்பு பகலில் வருவது குறைவு. கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் வரும், அல்லது விழிப்பதற்குச் சற்று முன்னால் வரும். பாட்டில் நோயின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் எந்த நேரத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அந்த நோயோடு வளர்ந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

*

லூயிஜி ரோலாண்டோ, 1773-இல் பிறந்து 1831-இல் மறைந்த இத்தாலிய உடற்கூறியல் அறிஞர். மூளையின் இரண்டு பாதியிலும் உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பள்ளத்தின் முன்புறம் உடம்பை அசைக்கும் பகுதி. பின்புறம் தொடுதலை உணரும் பகுதி. கீழே இறங்க இறங்க முகம், உதடு, நாக்கு, தொண்டை. இந்த வலிப்பில் மின்பொறி கிளம்புவது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஒரு பக்கத்துக் கன்னம் இழுத்துக்கொள்ளும். நாக்கும் ஈறும் மரத்துப்போகும். எச்சில் வழியும். தொண்டையில் களகளவென்று சத்தம் எழும். பேச்சு நின்றுவிடும்.

பல குழந்தைகளுக்கு அப்போது நினைவு தப்புவதில்லை. குழந்தை விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அம்மா கூப்பிடுவது கேட்கிறது. சொல்ல வேண்டிய பதிலும் மனதில் இருக்கிறது. வாய் மட்டும் தன்வசம் இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்தக் குழந்தைக்கு அது எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தால் சொல்ல முடியாது.

ஸோயிக்கு அது எந்த வடிவில் வந்தது என்பது அவருடைய அந்தரங்கம். நோயின் பொது இயல்பைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒன்றை விட்டு மனம் நகர மறுக்கிறது. பாடுவதற்கு எவையெல்லாம் வேண்டுமோ அவற்றையே தொட்டுவிட்டுப் போகிற நோய் இது. அதைத் தாண்டி வந்த ஒருத்தி, உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்க, வாயைத் திறந்து பாடுவதைத் தேர்ந்தெடுத்தாள்.

*

இதோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டிய ஒன்று. மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் 1930-களில் வலிப்பு நோயாளிகளுக்கு மூளை அறுவை செய்தார். நோயாளி விழித்திருப்பார், மண்டைத் தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் மருந்து. மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்பார். கட்டைவிரல் என்பார் ஒருவர், நாக்கின் ஓரம் என்பார் இன்னொருவர். இப்படிப் பலரிடம் கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் உருவானது. அதில் முதுகுக்கும் தொடைக்கும் கிடைத்த இடம் கொஞ்சம். கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்தது ஏராளம். பேசவும் பாடவும் மனித மூளை எவ்வளவு நிலம் ஒதுக்கியிருக்கிறது என்பதை நமக்குச் சொன்னவர்கள் வலிப்போடு வாழ்ந்தவர்கள். திறந்த மண்டையோடு படுத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னவர்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

*

ரோலாண்டிக் வலிப்பு பெரும்பாலும் 3 வயதுக்கும் 13 வயதுக்கும் நடுவில் தொடங்குகிறது. பதின்பருவம் முடிவதற்குள் தானாகவே விலகிவிடுகிறது. பல குழந்தைகளுக்கு மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. அதனால் மருத்துவ நூல்கள் நெடுங்காலம் இதைத் தீங்கற்ற வலிப்பு என்று வகைப்படுத்தி வைத்திருந்தன. பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நோய் போகிறது. பயம் அதே நாளில் போவதில்லை. மறுபடி வந்துவிடுமோ, வகுப்பில் எல்லோர் முன்னாலும் வந்துவிடுமோ என்ற பயத்துக்கு மூளை அலைப் பதிவில் அடையாளம் கிடையாது. 'கண்ட்ரோல்' அந்த மிச்சத்தைப் பற்றிய பாட்டு. மருத்துவர் கோப்பை மூடிவிட்டுப் போன பிறகு அந்தப் பிள்ளை தனியாகச் சுமந்ததைப் பற்றியது. நோயைப் பற்றிய கலை நிறைய இருக்கிறது. குணமானவரின் பயத்தைப் பற்றி யாரும் அதிகம் பாடுவதில்லை. அவர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

*

ஹாம்பர்கின் கிழக்குப் பக்கம் டுல்ஸ்பெர்க். கருஞ்சிவப்புச் செங்கல்லில் நீள நீளமாக நிற்கும் குடியிருப்புகள். உழைப்பாளி வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று 1920-களில் ஃப்ரிட்ஸ் ஷூமாகர் திட்டமிட்ட பகுதி. 1943 கோடையின் குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்து, போருக்குப் பின் மறுபடி எழுந்தது. வீடுகள் சின்னவை. ஸோயி அங்கே வளர்ந்தார். பிறந்தது 2002 மே 13. அம்மா தனியாளாக வளர்த்தார்.

*

2017-இல் 'தி வாய்ஸ் கிட்ஸ்' தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனார். வயது 14. நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால் நாற்காலியைத் திருப்புவார்கள். பாடகர் ஸாஷாவின் அணியில் இடம் கிடைத்தது. ஒரே அணியின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டைப் பாட, அதில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் சுற்றில் வெளியேறினார்.

அந்தப் போட்டியைப் பற்றி என் எண்ணம் கலவையானது. முகம் பார்க்காமல் குரலைக் கேட்பது நல்ல யோசனை. பிறர் எழுதிய பாட்டை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 14 வயதில் அவரிடம் இருந்தது குரல் மட்டும் அல்ல என்று இப்போது நமக்குத் தெரியும். அந்த மேடையில் கேட்க வழியில்லாத ஒன்றும் இருந்தது: சொல்ல வேண்டிய விஷயம். அடுத்த மூன்று ஆண்டுகள் வெளியுலகத்துக்குப் பெரிதாகச் செய்தி எதுவும் இல்லை. அந்த ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரு பாட்டு எழுத்தாளர் உருவாவது யாரும் பார்க்காத வருடங்களில்.

*

அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2010-கள், மார்க் ஃபோர்ஸ்டர், மாக்ஸ் கீஸிங்கர் போன்றவர்களால் ஜெர்மனில் பாடும் பாப் இசை அந்நாட்டு வானொலியில் ஓங்கி நின்ற காலம். ஓடையோடு போயிருக்கலாம். வெளிச்சந்தையை நினைத்து எடுத்த முடிவு என்று சிலர் சொல்லக்கூடும். என் ஊகம் வேறு. அம்மாவிடம் பேசும் மொழியில் சொல்லக் கூசும் பயத்தை, பின்னால் கற்ற மொழியில் சொல்வது சற்று எளிது. கொஞ்சம் தள்ளி நின்றால்தான் சிலவற்றைப் பார்க்க முடிகிறது.

*

2020 மார்ச். 'கண்ட்ரோல்' வெளியானது. அதே மாதம் கொரோனாத் தொற்றால் ஜெர்மனியில் மேடைகள் மூடின. புதிதாக ஒரு பாட்டோடு வரும் இளம் பாடகர் வழக்கமாகப் போகும் வழி ஹாம்பர்கில் நன்கு பழகிய வழிதான்: ரீபர்பான் தெருவைச் சுற்றியுள்ள சிறிய அரங்குகள், வியர்வை நாறும் பின்னறை, நூறு பேர், அதில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் பாடகர்கள் பதம் பெறுவார்கள். செப்டம்பரில் நடக்கும் ரீபர்பான் இசை விழாகூட அந்த ஆண்டு சுருங்கித்தான் நடந்தது. முதல் பாட்டோடு வந்தவருக்கு அந்த வழி அடைத்துக் கிடந்தது.

பாட்டு மட்டும் வெளியே போனது. மூச்சு முட்டுகிறது, எதுவும் என் கையில் இல்லை என்று ஒரு பெண் தன் பள்ளிக்கால நோயை நினைத்துப் பாடியதை, வீட்டுக்குள் அடைபட்டிருந்த லட்சக்கணக்கானவர்கள் தங்கள் நிலைமையாகக் கேட்டார்கள். பாட்டு முன்பே எழுதிப் பதிவானது. தொற்றுநோய் அவர் நினைவிலேயே இருந்திருக்காது. எல்லை கடந்து ஐரோப்பிய நாடுகளின் விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. ஜேம்ஸ் கார்டனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வரை போனது. இதுவரை கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டிருக்கிறது.

காலம் உதவியது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மார்ச்சில் எத்தனையோ நல்ல பாட்டுகள் வந்து, கேட்பாரில்லாமல் போயின. இந்தப் பாட்டு நின்றதற்குக் காரணம், பயந்தவர்களுக்கு அது தைரியம் சொல்லவில்லை. நானும் பயந்தேன் என்று மட்டும் சொன்னது.

*

பாட்டில் ஒருவரை விளித்து, நீங்கள் இல்லையென்றால் எனக்கு இந்தப் பலம் வந்திருக்காது என்கிறார். முதலில் கேட்பவர்கள் காதலன் என்றே எடுத்துக்கொள்வார்கள். பாப் பாட்டு நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. அது ஒரு பள்ளி ஆசிரியை. நோயோடும் பயத்தோடும் போராடிய நாட்களில் துணைநின்றவர். தான் எழுதிய பாட்டை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார் ஸோயி.

இதை அறிந்த பிறகு அந்த ஆசிரியையைப் பற்றியே அதிகம் நினைக்கிறேன். வகுப்பில் இருபது முப்பது பிள்ளைகள். ஒரு பிள்ளையின் முகத்தில் வந்துபோகும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். கவனித்ததை மற்ற பிள்ளைகள் அறியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை நோயாளியாக மட்டும் ஆகிவிடாதபடி கணக்கும் கேட்க வேண்டும், வீட்டுப்பாடம் எழுதாததற்குக் கண்டிக்கவும் வேண்டும். இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் இடம் கிடையாது. அவர் உண்மையில் செய்தது என்ன என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. நல்ல ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரிந்ததால் எழுதுகிறேன். வலிப்பின்போது குழந்தைக்கு வேண்டியதும் ஏறக்குறைய இதேதான்: பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்து அழுத்தாமல், முடியும் வரை கூட இருக்கும் ஒருவர்.

*

பிறகு வந்த பாட்டுகளும் யாரோ ஒருவரை நோக்கியவையே. 2021-இல் வந்த 'ஹோல்ட் மீ லைக் யூ யூஸ்ட் டு' மறைந்த கொள்ளுப்பாட்டிக்கு. 'டாடீஸ் ஐஸ்' உடன் இல்லாத அப்பாவுக்கு. 'கேர்ள்ஸ் லைக் அஸ்' கண்ணாடி முன்னால் தன்னை வெறுத்து நிற்கும் பெண்களுக்கு. அதை 2021 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில், அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடையில் பாடினார். வயது 19. இந்த மூன்றில் கொள்ளுப்பாட்டிப் பாட்டுதான் என்னோடு தங்குகிறது. 'கேர்ள்ஸ் லைக் அஸ்' நேர்மையானது, ஆனால் தாளம் பெருத்து வரும் இடத்தில் குரலின் விரிசல்கள் மறைந்துபோகின்றன. எனக்கு அந்த விரிசல்கள் வேண்டும். நார்வே இசைக்கலைஞர் கைகோவுடன் செய்த 'லவ் மீ நவ்' கேட்க இனிமை. அதில் ஸோயி கொஞ்சம்தான் இருக்கிறார்.

முதல் முழு ஆல்பம் 2023 நவம்பரில்தான் வந்தது. பெயர் 'தெரபி'. முதல் பாட்டுக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவில் மூன்றரை ஆண்டுக்கு மேல். ஒரு பாட்டு ஓடிவிட்டால் அதே சூட்டில் பன்னிரண்டு பாட்டைச் சேர்த்து விற்றுவிடுகிற தொழிலில், இந்தத் தாமதத்தை நான் மதிக்கிறேன்.

*

ஒரு கவலை மட்டும் மிச்சம். 17 வயதில் தன் ஆழமான பயத்தைப் பாட்டாக்கிய ஒருவர், அதை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மேடையிலும் திரும்பப் பாட வேண்டியிருக்கிறது. கூட்டம் அதற்காகத்தான் டிக்கெட் வாங்குகிறது. கூடவே பாடுகிறது, அழுகிறது. சில இரவுகளில் அது அவருக்கும் மருந்தாக இருக்கலாம். எல்லா இரவும் அப்படி இருக்காது. பயம் சற்றும் இல்லாத ஒரு நாளில் அந்த விடிகாலையை மறுபடி கூப்பிடுவது எப்படி இருக்கும்? ஏதோ ஓர் ஊரில், ஒருநாள், இன்று 'கண்ட்ரோல்' பாடப்போவதில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அரங்கம் ஏமாற்றத்தைக் காட்டாமல் கைதட்டி, அடுத்த பாட்டைக் கேட்க உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் இருந்தால் முதலில் தட்டுவேன்.