அழுகண்ணிக்குச் சோறு ஊட்டலாமா?

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிக் கொல்லிமலைக்கு ஏறுகிறது. ஏறுபவர்களில் பலர் ஆகாயகங்கை அருவியைத் தேடிப் போவார்கள், பலர் அறப்பளீசுவரர் கோயிலுக்கு. மூலிகை தேடிப் போகிற சிலரும் உண்டு. அவர்கள் வாயில் இரட்டைப் பிள்ளைகள்போல் சேர்ந்தே வரும் இரு பெயர்கள் அழுகண்ணியும் தொழுகண்ணியும். இரண்டையும் மூப்பைத் தள்ளிப்போடும் என்று நம்பப்படும் காயகற்ப மூலிகைகளின் வரிசையில் வைப்பது சித்த மரபு. தொழுகண்ணியின் சிற்றிலைகள் காற்றே இல்லாதபோதும் அசையும், கை கூப்புவதுபோல. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாவரத்தின் உணர்ச்சியை அளக்க எடுத்துக்கொண்ட செடிகளில் அதுவும் ஒன்று. அழுகண்ணி அசைவதாகத் தெரியாது. இலை முழுக்கத் துளி துளியாக ஈரம் நிற்கும். வெயில் ஏறிய பிறகும் காயாது. அழுகிறது என்று நினைத்து யாரோ பெயர் வைத்துவிட்டார்கள்.

அது கண்ணீர் அல்ல, பசை.

உவர்நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா என்ற செடிக்கும் அழுகண்ணி என்ற பெயர் உண்டு. இங்கே பேசப்படுவது இன்னொரு அழுகண்ணி, தாவரவியலார் ட்ரோசெரா என்பது. இந்தப் பேரினத்தில் இண்டிகா, பர்மன்னை, பெல்டாட்டா என்ற மூன்று இனங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இலையில் இருக்கும் சிவந்த மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்னும். தேன் என்று நம்பிக் கொசுவோ எறும்போ உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். அது திமிறத் திமிற மற்ற மயிர்களும் வளைந்து வந்து அமுக்கும். பர்மன்னையில் இந்த வளைவு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பிறகு செரிமானம். மிஞ்சுவது பூச்சியின் கூடு மட்டுமே.

அழகால் அழைத்துக் கொல்வது இந்த மலைக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டிலேயே பேர்பெற்ற கொல்லிப்பாவை இங்கேதான் நின்றாள். முனிவர்களைத் தொல்லைப்படுத்திய அரக்கர்களைச் சிரித்து மயக்கிக் கொல்லத் தேவர்கள் வைத்த பாவை அவள் என்பது கதை. எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று மலைமக்கள் கும்பிடுகிறார்கள். பாவைக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொலைப்பழியைப் பாவை மேல் யாரும் போடுவதில்லை, அவள் செய்துவைக்கப்பட்டவள். அப்படியானால் கணக்கு வைத்தவர் பேரில் அல்லவா எழுதப்பட வேண்டும்? பூச்சியுண்ணும் செடிகளைத் தொட்டியில் வைத்து வளர்க்கும் பொழுதுபோக்கு இன்று நகரத்து மாடிகளுக்கும் வந்துவிட்டது. பாவையை வைத்தவரிடம் கேட்க வேண்டியதைத் தொட்டியை வைத்தவரிடமும் கேட்கலாம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் படி படியாக அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூன்றறிவு, தும்பி நான்கறிவு. சமணர் கணக்கில் ஈயும் கொசுவும் நான்கறிவுக்காரர்கள். கீழ்ப்படியில் இருப்பதை மேற்படியில் இருப்பது தின்னும் என்ற நினைப்பிலேயே சைவ உணவு பற்றிய நம் வாதங்கள் நடந்துவந்திருக்கின்றன. ஓரறிவு உயிர் நான்கறிவு உயிரைச் செரிக்கும்போது ஏணி தலைகீழாகிறது. ஐரோப்பாவிலும் இதே திகைப்புதான். வீனஸ் பூச்சிப்பொறிச் செடி பூச்சியை உணவாகவே பிடிக்கிறது என்று ஜான் எல்லிஸ் 1769இல் எழுதியபோது லின்னேயஸ் ஏற்கவில்லை. தொட்டாற்சிணுங்கிபோல இலை மூடிக்கொள்கிறது, அவ்வளவே என்று இருந்துவிட்டார். மேகாலயாவின் காரோ மக்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் பூச்சியுண்ணும் குடுவைச்செடிக்கு ‘மேமாங் கோக்சி’, அதாவது பேயின் கூடை, என்று பெயரிட்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

1860 கோடையில் சசெக்ஸ் புதர்வெளியில் ட்ரோசெராவைப் பார்த்த டார்வின், அதன் இலைக்குப் பச்சை இறைச்சி, முட்டை வெண்கரு, பால் என்று ஊட்டிப் பார்க்கத் தொடங்கினார். 1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார்; அது இன்றும் அணையவில்லை. ஒருவர் செடிக்கு ஊட்டிக்கொண்டிருந்த காலத்தில் இன்னொருவர் பசித்த மனிதருக்குச் சோறு போட்டார். டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் நூல் 1875இல் வந்தபோது வள்ளலார் இல்லை. ஆனால் தொட்டிக்காரருக்கு வேண்டிய பதிலை அவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது ஜீவகாருண்யம் ஆகாது என்பது அவர் கருத்து.

இனி அந்தப் ‘பசி’யைப் பார்ப்போம். அழுகண்ணியும் பச்சை இலைச் செடிதான், வெயிலில் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்கிறது. அது வளரும் சத்தற்ற ஈரமண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சியிடம் எடுத்துக்கொள்கிறது. பூச்சி கிடைக்காவிட்டால் சாகாது, மெலியும். ஊட்டிய செடிகள் கூடுதலாக விதைத்தன என்று டார்வினின் மகன் பிரான்சிஸ் 1878இல் காட்டினார். எனவே சாமணத்தில் ஈயைப் பிடித்து இலைமேல் வைப்பவர் பசியாற்றவில்லை, வேடிக்கை பார்க்கிறார். வீனஸ் பொறியை விரலால் சீண்டி மூடவைப்பதும் அதே ரகம். ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் வேலை செய்யும், பிறகு கருகிவிடும்.

ஊட்டாமல் தொட்டியைத் திறந்த மாடியில் வைத்துவிட்டு, பூச்சி தானாக வந்து விழுந்தால் எனக்கென்ன என்று சொல்லலாமா? அதற்குச் சமணர் அவ்வளவு எளிதில் இணங்கமாட்டார்கள். செய்தலும் செய்வித்தலும் உடன்படுதலும் அவர்களுக்குக் குற்றமே. விளக்கொளிக்கு வரும் பூச்சி மாளும் என்றுதான் இருட்டுமுன் உண்டு முடிக்கிறார்கள். விளக்கேற்றுபவர் பூச்சியைக் கொல்ல நினைப்பதில்லை, ஆனால் அது வரும் என்பது அவருக்குத் தெரியும். தொட்டிக்காரருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கொசு வாசல் சிலந்தி வலையிலோ கொசுவத்திப் புகையிலோ போயிருக்கும் என்று அவர் வாதாடினால், அதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

பூச்சிக்கு இரங்குகிற மனம் செடியை மறந்துவிடுவதுதான் வேடிக்கை. வட கரோலினாவில் காட்டு வீனஸ் பொறியைத் திருடுவதை 2014இல் கடுங்குற்றமாக்க வேண்டியிருந்தது. மேகாலயாவின் அந்தக் குடுவைச்செடி, நெபந்தஸ் காசியானா, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மாடியில் வளர்க்க விரும்புபவர்கள் விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்த கன்றை வாங்கலாம். மழைநீர், உரமில்லாத பாசிக்கலவை, நல்ல வெயில் போதும். உப்பு ஏறிய குழாய்த் தண்ணீர் ஆகாது.

காட்டில் இருக்கும் இண்டிகா அழுகண்ணி ஓராண்டுச் செடி. மழைக்குப் பின் முளைத்து, பசை இலைகளுக்கு மேலே காம்பை நீட்டிப் பூக்கும். அங்கே வரும் பூச்சி உயிரோடு திரும்பிப் போகும். மண் காயும்போது செடியும் காயும், தூள் தூளாக விதை உதிரும். காயகற்பத்துக்கென்றோ மாடித் தொட்டிக்கென்றோ பூவோடு பிடுங்கிக்கொண்டு போனால், அடுத்த மழையில் அந்த இடத்தில் முளைக்க விதை இருக்காது.