விளைவிப்பவன் யார்?

"நான் விளைவித்தேன்" என்று ஓர் உழவர் சொன்னால் அதில் குற்றம் காண யாருக்கும் மனம் வராது. வெயிலில் நின்றவர் அவர், கடன்பட்டவரும் அவர். ஆனாலும் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நெல்மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தைக் காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து ஆக்குகின்றன. பயறுச் செடியின் வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன. சருகை மட்காக்குவது மண்புழுவும் பூஞ்சையும். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதர் செய்யக்கூடியது இரண்டுதான்: அவர்களுக்கு இடம் கொடுக்கலாம், அல்லது இடைஞ்சல் செய்யலாம். செய்பவன் நானே என்ற எண்ணத்தை நம் பெரியோர் அகங்காரம் என்றார்கள். அந்த எண்ணம் வயலிலும் வேலை செய்கிறது. அது தணியும்போது மண் பிழைக்கிறது, உழவும் ஓர் ஆன்ம சாதனையாகிறது. இதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு.

1913இல் ஷிகோகு தீவில் பிறந்த மசானபு ஃபுகோகா, பயிர்நோய் படித்தவர். யோகோஹாமா சுங்கத் துறையில் தாவரங்களைச் சோதிக்கும் பணியில் இருந்தார். கடுமையான நோயிலிருந்து மீண்டவருக்கு, மனித அறிவு தன்னைப் பற்றி வைத்திருக்கும் பெருமிதம் வெறுமையானது என்று 25 வயதில் உறைத்தது. வேலையை விட்டு ஊர் திரும்பினார். அதன்பின் அவர் வழி தலைகீழாக மாறியது. இன்னும் எதைச் செய்யலாம் என்று எல்லோரும் தேடியபோது, எதைச் செய்யாமல் விடலாம் என்று அவர் தேடினார். உழவை விட்டார், ரசாயன உரத்தை விட்டார், பூச்சிமருந்தை விட்டார். நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே, அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பாக, குளிர்காலத் தானியத்தைத் தூவினார். கதிரடித்த வைக்கோலை அதே வயலில் பரப்பினார். தழைச்சத்து தரும் வெள்ளைக் குளோவர் செடி தரையை மூடியிருந்தது. ஜூன் மாத மழையில் சில நாள் மட்டும் தண்ணீர் நிறுத்தினால் குளோவரும் களையும் தளர்ந்துவிடும், நெல் முந்திக்கொள்ளும். 1975இல் வந்த 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூலை எழுதும்போது, அந்த வயல் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக ஏர் காணாதது.

"விட்டுவிடுவதுதான் வழி என்றால், சோம்பேறித்தனத்துக்கு வேதாந்தப் பூச்சா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஃபுகோகாவே அதற்கு விலை கொடுத்தவர். தந்தையின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் இயற்கையிடம் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கின, பூச்சி ஏறியது, தோப்பு பட்டுப்போனது. காலமெல்லாம் மனிதக் கையை நம்பி வளர்ந்த மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை ஆகாது என்று அந்தத் தோப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்தது. இதே பாடத்தை ஒரு நாடே பட்டறிந்தது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடுத்தது. மண்ணும் உழவரும் அதற்கு ஆயத்தமாக இல்லை. விளைச்சல் சரிந்தது, அந்த ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பக்குவம் வராத துறவு யாரையும் கரையேற்றாது. செயலில் செயலின்மையைக் காண்பவனே அறிஞன் என்பது கீதை நான்காம் அத்தியாயத்தின் கருத்து. கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் இடமல்ல அது. நம் அப்பர் பெருமானைப் பாருங்கள். தன்னை முழுவதுமாக ஒப்படைத்த அந்த அடியார் கையில், கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் உழவாரப்படை எப்போதும் இருந்தது. சரணடைந்தவருக்கு வேலை குறைவதில்லை, வேலையின் மேலுள்ள உரிமைதான் கழன்றுவிடுகிறது. ஃபுகோகாவும் வைக்கோல் பரப்ப வேண்டியிருந்தது, விதை தூவ வேண்டியிருந்தது, எப்போது எதைச் செய்வது என்று அன்றாடம் மண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தத்துவம் பசியாற்றுமா?" என்பது அடுத்த கேள்வி. கால் ஏக்கருக்கு நெல் ஏறத்தாழ 590 கிலோ என்று ஃபுகோகா எழுதினார். அது அவருடைய பகுதியின் மற்ற வயல்களுக்கு இணையான விளைச்சல். ஆனால் அந்த அளவு அவருடைய மழைக்கும் மண்ணுக்கும் உரியது. குளோவரை அப்படியே கொண்டுவந்து இராமநாதபுரத்தில் தூவினால் அதுவும் ஓர் அகங்காரமே. மண் சொல்வதைக் கேளாமல் புத்தகம் சொல்வதைத் திணிப்பதுதானே அது? ஃபுகோகாவின் நூலால் ஊக்கம் பெற்ற இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், இங்குள்ள உழவர்களிடம் பல தானிய விதைப்பையும் மூடாக்கையும் பேசினார். மண்ணை மூடி வை, உயிரோடு வை, பலவகைப் பயிர் வை என்ற நெறி ஒன்றுதான். செய்முறையை அந்தந்த நிலம் சொல்லித்தரும்.

இன்னொரு கேள்வி கடினமானது. "இயற்கை இறைவன் வடிவம் என்றால் வறட்சியும் பூச்சியும் யார் அனுப்பியவை?" இயற்கையோடு இணங்கினால் கேட்டது கிடைக்கும் என்று எந்த ஞானியும் வாக்குக் கொடுக்கவில்லை. மட்கு நிறைந்த மண் மழைநீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், வறட்சியைச் சற்றுத் தாங்கும். வறட்சியே வராமல் தடுக்க அதனால் ஆகாது. பலனில் பற்று விடு என்று இங்கே உபதேசிப்பது எளிது. வங்கிக் கடனோடு நிற்கும் உழவரிடம் மட்டும் அதைச் சொல்வது கொடுமை. மண் தேறும் வரையிலான ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், அந்தச் சுமையை அவர் ஒருவரே சுமக்க முடியாது. ஆகவே அவர் ஒரு மூலையில் தொடங்கி, மண் தேறத் தேறப் பரப்பை விரிப்பதே முறை. அந்த இடைக்காலத்துக்குத் தோள் கொடுக்க வேண்டியவர்கள் உண்கிற நாம். புழுத்துளை இல்லாத கத்தரிக்காயும் பட்டை தீட்டிய வெள்ளை அரிசியும் மலிவாகவே வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கும் வரை, வயலில் நஞ்சு தெளிக்கும் கையில் நம் கையும் சேர்ந்திருக்கிறது. அகங்காரத்தை விடும் சாதனையை உழவரிடம் எதிர்பார்க்கும் முன், சந்தையில் காய் பொறுக்கும் நம் விரல்களிலிருந்து அதைத் தொடங்குவோம்.