மண்ணுக்குச் செய்யும் பரிகாரம்



அண்டை வீட்டு அண்டாவைக் கலியாணத்துக்கென்று இரவல் வாங்குகிறீர்கள். எப்படியோ அதன் அடியில் ஓட்டை விழுந்துவிடுகிறது. ஓட்டையை அடைக்காமல், வெளிப்புறத்தை மட்டும் புளி போட்டுப் பளபளவென்று துலக்கித் திருப்பிக் கொடுத்தால், பட்ட கடன் தீருமா? தீராது என்று சிறு பிள்ளையும் சொல்லும். மனிதரிடத்தில் இவ்வளவு தெளிவாய்த் தெரிகிற நியாயம், மண்ணின் காரியத்தில் மட்டும் மங்கிப் போவதேன்?

அமெரிக்க நாட்டின் கிழக்கே அப்பலாச்சிய மலைத்தொடர் இருக்கிறது. ஓக் முதலிய மரங்கள் அடர்ந்த மலைகள் அவை. அங்கே நிலக்கரி எடுக்க, நம் நெய்வேலியில் செய்வது போலவே, மேல்மண்ணையும் பாறையையும் வாரி ஒதுக்கித் திறந்த சுரங்கம் வெட்டினார்கள். கரி போயிற்று, மிஞ்சியது கற்குவியல். பல இடங்களில் அக்கற்களில் இருந்த கந்தகக் கனிமம், காற்றும் மழையும் பட்டு அமிலமாகியது. அங்கே விழுந்த விதை பிழைப்பது அரிதாயிற்று.

1977-ம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. சுரங்கம் வெட்டியவரே நிலத்தைச் சீர்படுத்த வேண்டுமென்று அது கட்டளையிட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் நடந்தது என்ன? மண் சரியாதபடி கனத்த இயந்திரங்களை ஓட்டி நிலத்தை இறுக்கினார்கள். அதன் மேல் புல்லை நெருக்கமாய் விதைத்தார்கள். தூரத்துப் பார்வைக்குப் பச்சைப் பசேலென்றிருந்தது. கிட்டப் போனாலோ, மரக்கன்றின் வேர் இறங்க வழியில்லை. சட்டம் நிறைவேறிற்று, காடு திரும்பவில்லை. துலக்கின ஓட்டை அண்டா இதுவேயல்லவா?

மேல்மண் வெறும் தூளன்று. மரத்தின் வேரோடு ஒட்டி வாழும் நுண்ணிய காளான் இழைகள் அதில் உண்டு. 1885-ல் பிராங்க் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞர் இந்த உறவுக்குக் 'காளான்வேர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். வேர் நுழைய முடியாத இடுக்கில் இழை நுழைந்து, நீரையும் பாஸ்பரஸ் சத்தையும் மரத்துக்குக் கொண்டுவருகிறது. மரமோ தன் இலையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைக் காளானுக்குத் தருகிறது. மண்ணைப் பெயர்த்து நெடுங்காலம் குவித்து வைத்தால் இந்த இழைகள் அழிந்து குறைகின்றன. கரியோடு நாம் பறித்தது இதையுந்தான்.

பாழான கரி நிலங்களில் பிழைத்திருந்த பைன் மரங்களின் அடியில் ஒருவகைக் காளான் முளைத்திருந்தது. பார்வைக்கு அழகற்றது, உடைத்தால் பழுப்புத் தூள் கொட்டும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி டோனால்டு மார்க்ஸ், 1970-களில், அதை நாற்றங்காலிலேயே பைன் கன்றுகளின் வேரில் சேர்த்து வளர்த்தார். அக்கன்றுகள் பாழ்நிலத்தில் மற்றவற்றைவிட நன்றாய்ப் பிழைத்தன. பின்னர் 2004-ல், மாநிலங்களும் மத்திய அரசும் கூடி, காட்டைத் திருப்பும் முயற்சி ஒன்றைத் தொடங்கின. வேர் இறங்குமாறு குறைந்தது நாலடி ஆழத்துக்கு மண்ணை இறுக்காமல் விடு, புல்லைக் குறை, பலவகை மரங்களை நடு என்பதே அதன் வழி. முன்பு இறுக்கிய நிலத்தை இப்போது இயந்திரங்களைக் கொண்டே கிழித்துத் தளர்த்துகிறார்கள்.

"மருந்துதான் கிடைத்துவிட்டதே, இனி எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டலாமே" என்பீர்களோ? எலும்பைக் கூட்டிக் கட்ட வைத்தியர் இருக்கிறார் என்று எவரும் காலை முறித்துக்கொள்வதில்லை. காளான் கன்றைப் பிழைக்க வைக்கும். பழைய காட்டை ஒரு நாளில் தந்துவிடாது. கரியின் பலனை அனுபவித்தவர் ஒரு தலைமுறை. காட்டுக்காகக் காத்திருப்பவரோ அவருடைய பேரப்பிள்ளைகள்.

இதெல்லாம் சுரங்கக்காரர் பாடு என்று நாம் ஒதுங்கவும் முடியாது. நம் வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரத்திலும் கரிக்குப் பங்குண்டு. ஆகவே தோண்டிய நிலத்தில் பச்சையைக் காட்டும்போது, "அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது நம் கடமை.

அதே கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்துவிட்டு, பண்டிகைக்குப் பலகாரத் தட்டு அனுப்பினால் போதுமா? கெடுத்த பெயரை, கெடுத்த இடத்திலேயே போய்ச் சீர்செய்ய வேண்டும். அது வெளியே தெரியாத வேலை, வேரடி வேலை. ஆனால் பரிகாரம் என்பது அதுவே.