சூதும் திறனும்

திறமையால் வெல்லப்படும் ஆட்டம் சூதாகுமா என்ற வினா நீதிமன்ற வழக்காகவே தமிழ்நாட்டில் பெரிதும் அறியப்பட்டிருந்தாலும், அடிப்படையில் அது அறம் பற்றிய வினா. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயலைச் சார்ந்த ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரண்டும் திறன் ஆட்டங்களே என்று கூறி அப்பட்டியலை நீக்கியது.

போக்கரின் பாலபாடம் கற்பவர் அத்தீர்ப்பின் நியாயத்தை எளிதில் உணர்வார். 'டெக்சஸ் ஹோல்டெம்' என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்பட, பொதுச் சீட்டுகள் ஐந்து மேசையில் படிப்படியாகத் திறக்கப்படும். கட்டந்தோறும் பணயம், அதாவது பந்தயப் பணம், கட்டலாம் அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கையில் இரண்டு ஆட்டினும் (இதயக் குறியுள்ள சீட்டும்), திறந்த மூன்று சீட்டுகளில் இரண்டு ஆட்டினும் உள்ளவருக்கு, ஐந்தும் ஓரினமாக அமைய இன்னும் ஒன்று வேண்டும். கண்ணில் படாத 47 சீட்டுகளில் ஆட்டின் 9 என்பதால், அடுத்த சீட்டில் அது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. நடுவில் 300 ரூபாய் கிடக்க, தொடர்வதற்கு 100 ரூபாய் கட்டவேண்டுமெனில், 25 விழுக்காடு வாய்ப்பேனும் இருந்தால்தான் நட்டமில்லை. அடுத்த சீட்டை மட்டும் கருதினால் விலகுவதே அறிவு. இது கணிதம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வள்ளுவர் சூதை விலக்கியதற்குத் தற்செயல் காரணமன்று. பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே 94ஆம் அதிகாரமாக நிற்கும் சூது, தோல்வியைப் பேசுமுன் முதற்குறளிலேயே வெற்றியை வேண்டாமென்கிறது. தற்செயலே குற்றமென்றால், மழையை நம்பிச் சின்ன வெங்காயம் நட்டு, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கொண்டுவரும் காலை வரை விலையறியாத உழவரும் குற்றவாளியாவார். அவர் வைக்கும் பணயம் எந்தச் சூதாடியின் பணயத்துக்கும் குறைந்ததன்று. எனினும் விலை வீழ்ந்த நாளிலும் அவர் விளைவித்தது எவர் வீட்டுக் குழம்பிலோ சேர்கிறது. போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் பெறுவது முழுவதும் மற்றவர் இழந்தது, அதிலும் ஆட்டம் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். எனவே திறன் என்ற வாதம் குற்றத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவே செய்கிறது: 19க்கும் 25க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், அதை அறியாதவரின் கூலிப்பணத்தைத் தெரிந்தே எடுக்கிறார். பணயமின்றிச் சீட்டாடிக் கணக்குப் பழகுவோருக்கு இக்கண்டனம் பொருந்தாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் திறன், தற்செயல் என்று பிரித்துப் பாராமல் தடைசெய்துள்ளது.